ஆளுக்கு ரெண்டு பெட்டி

"வாய மூடுடா!" என்று ஹார்லன் ட்வீட் கத்தினார். கத்தியது சமையலறை ரேடியோவைப் பார்த்து.

ரேடியோ வாயை மூடவில்லை. அதுபாட்டுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. ரஷ்யாவிலிருந்து துப்பாக்கித் தோட்டா கொண்டுவர இனிமேல் புது அனுமதி கிடையாதாம். முன்பே அனுமதி வாங்கியவர்கள் அது முடிகிறவரை கொண்டுவரலாமாம். அதற்குப் பிறகு ஒன்றும் வராதாம்.

"யாருக்குத் தடை போட்டிருக்கான்? ரஷ்யாக்காரனுக்கா? அவன் அங்க நிம்மதியா சூப் குடிச்சிட்டிருப்பான். தடை எனக்கு, வெர்னா! மிசௌரியில, இந்த மேஜையில, முட்டை தின்னுக்கிட்டிருக்கற எனக்கு!"

"எங்கங்க தின்றீங்க? முட்டை ஆறிக் கல்லாப் போச்சு. தின்னுட்டுக் கத்துங்க" என்றாள் வெர்னா. முப்பத்தாறு வருஷமாக அந்த மேஜைக்கு எதிரே நின்று முட்டை பொரித்தவள் அவள். ரேடியோவின் சத்தத்தைக் குறைக்க அவளுக்குத் தெரியும். ஹார்லனின் சத்தத்தைக் குறைக்கத்தான் ஆண்டவர் இன்னும் வழி காட்டவில்லை.

அவர் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஹார்லனிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல துப்பாக்கி. சீனத்துப் பழைய ராணுவத் துப்பாக்கி. அதையும் முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு தடை வருவதற்கு முந்தின வாரம் வாங்கினார். அதற்குப் போடுகிற தோட்டா ரஷ்யாவிலிருந்து பச்சை அட்டைப் பெட்டியில் வரும். பெட்டிக்கு இருபது. கூடு இரும்பு, குண்டின் மேலுறையும் இரும்பு. பார்க்க அழுக்காக இருக்கும், நாற்றம் அடிக்கும், ஆனால் பெட்டி ஏழு டாலர். உள்ளூர்ப் பித்தளைத் தோட்டா அதைப்போல இரண்டரை மடங்கு. ஓய்வூதியத்தில் இருக்கும் ஒரு லாரி மெக்கானிக் சனிக்கிழமைதோறும் ஆசைதீரச் சுடுவதென்றால் பச்சைப் பெட்டிதான் கதி.

முட்டையை அப்படியே விட்டுவிட்டு அவர் கிளென்டாவின் கடைக்கு ஓடினார்.

கிளென்டா தூண்டில், துப்பாக்கி, உயிருள்ள மண்புழு மூன்றும் விற்பவள். அவள் கடை வாசலில் அதற்குள் பதினேழு வண்டி நின்றது. பச்சைப் பெட்டி பதினாலு டாலர் என்று புதுச் சீட்டு ஒட்டியிருந்தது.

"நேத்து ஏழு!" என்றார் ஹார்லன்.

"நேத்து நேத்தோட போச்சு ஹார்லன்."

"இந்தப் பெட்டி நேத்தும் இதே அலமாரியிலதானே இருந்துச்சு? ராத்திரியோட ராத்திரியா அதுக்குள்ள என்ன தங்கமா வெளைஞ்சுது?"

"இது தீர்ந்தா அடுத்தது எந்த விலைக்கு வரும்னு எனக்கே தெரியாது. வருமான்னே தெரியாது. கப்பல் நின்னுடும்னு சொல்றாங்க. நான் கடையை எதை வெச்சு நிரப்பறது? மண்புழுவையா?"

பக்கத்தில் நின்ற ஒரு ஆள் முணுமுணுத்தான். "நான் அணில் சுடற சின்னத் தோட்டாதான் வாங்கறேன். அது இந்த ஊர்லயே செய்யறது. அது எதுக்கு ஏறுது?"

"இவங்களுக்குப் பச்சைப் பெட்டி கிடைக்கலைன்னா உங்க தோட்டாவையும் சேர்த்து அள்ளிட்டுப் போறாங்களே, அதான்" என்றாள் கிளென்டா. "பயத்துக்கு அளவு சைஸ் எல்லாம் கிடையாதுப்பா. எல்லாத்தையும் வாங்கும்." பிறகு மேஜை மேல் ஏறி நின்று அறிவித்தாள். "எல்லாரும் கேட்டுக்குங்க! வியாழக்கிழமைதான் லாரி வரும். ஆளுக்கு ரெண்டு பெட்டி. ஒருத்தரும் கெஞ்சக் கூடாது."

மலிவாகக் கிடைத்தவரை ஹார்லன் ஒரு பெட்டியைக்கூடச் சேர்த்து வைத்தவரில்லை. வீட்டில் மூன்று பெட்டி மிச்சம். அன்றைய இரண்டோடு ஐந்து. வீட்டுக்கு வந்ததும் கோபம் தாங்காமல் பின்பக்கத்து ஓடைக்கரையில் பழைய டப்பாக்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு மந்திரியின் பெயர் வைத்து, இரண்டு பெட்டியைச் சுட்டுத் தீர்த்தார்.

"தட்டுப்பாடு வந்திருக்குன்னீங்க?" என்றாள் வெர்னா.

"வந்துருச்சுல்ல! அந்த ஆத்திரத்துலதான் சுடறேன்!"

அவள் துணி காயப்போடப் போனாள்.

*

ஒரு புதன்கிழமை சர்ச் சாப்பாட்டில்தான் விஷயம் முற்றியது. வெர்னாவின் தம்பி ராய்ஸ் சோளரொட்டியைக் கடித்துக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தான். துப்பாக்கி கிளப்பில் வருஷாவருஷம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை வான்கோழிப் போட்டி நடக்கும். அட்டையில் பதினைந்து தோட்டா சுட வேண்டும். யார் நன்றாகச் சுடுகிறாரோ அவருக்கு ஒரு பெரிய வான்கோழி. போன வருஷம் ஒரே ஒரு புள்ளியில் ஹார்லன் ராய்ஸிடம் தோற்றார். அந்த வான்கோழியின் ஒரு காலை ராய்ஸ் இவர் வீட்டுக்கே கொண்டுவந்து, இவர் கண்ணெதிரிலேயே தின்றுவிட்டுப் போனான்.

"என்ன அத்தான், இந்த வருஷம் எதை வெச்சு சுடப்போறீங்க? தோட்டா விலை ஏறிப்போச்சாமே. உண்டிவில் வேணும்னா என் பழசு ஒண்ணு கெடக்கு."

ஹார்லனின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! இந்த வருஷம் வான்கோழி என்னோடது. இவன்கிட்ட நான் தோத்தா..." சுற்றிலும் பார்த்தார். பெரிய சத்தியமாக ஒன்று வேண்டும். வெர்னா கண்ணில் பட்டாள். "தோத்தா, இந்த நவம்பர் மான் சீசன் முழுக்க நெப்ராஸ்காவுல இவ அக்கா ஆர்லீன் வீட்டுல போய் உக்காருவேன்!"

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். மிசௌரியில் ஒரு ஆண்பிள்ளை மான் சீசனைப் பணயம் வைப்பது சின்ன விஷயமில்லை. பாஸ்டரே எழுந்து, "யோசிச்சுச் சொல்லுங்க ஹார்லன்" என்றார்.

வெர்னா தட்டைக் கீழே வைத்தாள்.

வீடு வந்ததும் கேட்டாள். "அக்கா வீட்டுக்குப் போறது உங்களுக்கு அவ்வளவு பெரிய தண்டனையா?"

"ஒரு வேகத்துல சொன்னேன். நான் தோக்கப்போறதில்ல. ஆர்லீன் வீட்டுக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்."

சாந்தமான பெண் அவள். அன்று கையிலிருந்த துணியை மேஜை மேல் அறைந்தாள்.

"பதினோரு வருஷமா அடுத்த வருஷம்! அவ வருஷத்துல ரெண்டு வாரம்தான் வேலைக்கு லீவு எடுக்க முடியும். அது நவம்பர்லதான் கிடைக்கும். நவம்பர் வந்தா உங்களுக்கு மான். அவ இடுப்புல ஆபரேஷன் பண்ணினப்போ மான். அவ புருஷன் செத்தப்போ வந்தீங்க, கல்லறை வரைக்கும் வந்தீங்க. பொட்டியக் குழிக்குள்ள எறக்கின உடனே வண்டிச் சாவியக் கையில எடுத்துட்டீங்க. மறுநா சீசன் ஆரம்பம்னு! சர்ச்சுல அவ போட்ட சாப்பாட்டைக்கூடத் தின்னல. அவ அன்னிக்கு என்னைப் பாத்த பார்வைய நான் இன்னும் மறக்கல."

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது... அன்னிக்குப் பனி வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவள் மாடிக்குப் போய் முழங்காலில் நின்றாள். என்ன கேட்டாளோ, அது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

*

ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் இரண்டு ஆள் போனால் நான்கு பெட்டி. இந்தக் கணக்கு ஹார்லனுக்கு வியாழன் விடியற்காலையில் உதித்தது.

"வெர்னா, சும்மா வந்து வரிசையில நில்லு. உன் பேர்ல ரெண்டு பெட்டி வாங்கலாம்."

"என் பேர்ல வாங்கினா அது என்னோடதுதானே?"

"நீ சுடப்போறியா என்ன?"

"சுடறேனோ இல்லையோ. என் கால் வலிக்க நின்னு, என் முட்டை வித்த காசுல வாங்கறது. என்னோடதா இல்லையா?"

"சரிம்மா, உன்னோடது, உன்னோடது!" என்று ஹார்லன் சிரித்தார். அவர் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அன்றிலிருந்து வியாழன்தோறும் இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு காபிக் குடுவை, வெர்னாவின் தையல் கூடை. விடிகாலை ஐந்தரைக்கே கிளென்டா கடை வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஹார்லன் வரிசையில் இருந்த அத்தனை பேரோடும் அரசாங்கத்தைத் திட்டினார். வெர்னா அத்தனை பேருக்கும் இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்தாள். ஒரே மாதத்தில் அந்த வரிசையில் யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி, எந்த லாரியில் என்ன வருகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் பச்சைப் பெட்டிகளை நிலவறையில் பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் அடுக்கிவைத்தாள்.

ஒரு வியாழன் வெர்னாவின் முறை வரும்போது பச்சைப் பெட்டி தீர்ந்துபோனது. கிளென்டா சொன்னாளே என்று உள்ளூரில் செய்த பித்தளைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். இருபது தோட்டா. முப்பத்தைந்து டாலர்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஹார்லன் போட்ட கூச்சலில் கடைக்குள் இருந்த மண்புழுக்கள்கூடச் சுருண்டிருக்கும்.

"முப்பத்தஞ்சா! இதுக்குப் பல்லுல தங்கம் கட்டிக்கலாமே! இவனுங்க ரஷ்யாக்காரனைத் தடுத்ததே இந்த விலைக்கு விக்கத்தான்! திருப்பிக் குடு அதை!"

"தோட்டாவைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம். சட்டமாம்."

"எப்பப் பாரு சட்டம்! அந்தப் பெட்டிய என் கண்ணுல காட்டாதே! சாகற வரைக்கும் காட்டாதே! கொள்ளைக்காரப் பயலுங்களோட தோட்டா என் துப்பாக்கிக்குள்ள போகாது!"

"சரிங்க" என்றாள் வெர்னா. பெட்டியைத் தையல் கூடைக்குள், கம்பளி நூல் உருண்டைக்கு அடியில் வைத்தாள்.

*

செப்டம்பர் கடைசியில் லாரி வந்தது, பச்சைப் பெட்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஹார்லனின் கையிருப்போ ரேடியோ புண்ணியத்தில் கரைந்துகொண்டே வந்தது. செய்தி கேட்பார், கோபம் வரும், ஓடைக்கரைக்குப் போவார், ஒரு பெட்டி காலி. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கையில் இருந்தது நாலே தோட்டா.

ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு சமையலறைக்கு வந்தார்.

"வெர்னா கண்ணு. அந்த நிலவறைப் பெட்டி..."

"என்னோடது."

"தெரியும் தெரியும். பழகறதுக்கு ஒண்ணே ஒண்ணு."

"தரேன். கூரை ஓரத்துத் தகர வாய்க்கால் ரெண்டு வருஷமா இலை அடைச்சுக் கெடக்கு. அதச் சுத்தம் பண்ணுங்க. ஒரு பெட்டி."

ஹார்லன் ஏணியை எடுத்துப் போட்டு ஏறினார். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே அழுகின இலையை அள்ளினார். ஒரு பெட்டி கிடைத்தது. இரண்டு நாளில் சுட்டுத் தீர்த்தார்.

"அடுத்த பெட்டிக்கு?"

"பின்பக்க வராண்டாவுக்குப் புது வலை அடிக்கணும். முன்பக்கக் கதவுக்குப் பெயிண்ட்டும்."

"என்னது! போன தடவை ஒரு பெட்டிக்கு ஒரு வேலை. இப்ப ரெண்டா?"

"வரத்து இல்லைங்களே" என்றாள் வெர்னா. "கிளென்டா கடையில அலமாரி காலி. வரத்து கொறைஞ்சா விலை ஏறும்னு நீங்கதானே வரிசையில நின்னு எல்லாருக்கும் சொன்னீங்க?"

"உன் பெட்டி நீ பதினாலு டாலருக்கு வாங்கினதுதானே?"

"வாங்கின விலை வேற, இன்னிக்கு விலை வேற. நேத்து நேத்தோட போச்சு."

"இது கொள்ளை! சொந்தப் புருஷன்கிட்ட!"

"வேணாம்னா விடுங்க. ராய்ஸ் நேத்திக்கி வந்தப்ப விசாரிச்சுட்டுத்தான் போனான்."

வராண்டா வலை அன்று மாலைக்குள் அடிக்கப்பட்டது. கதவு பச்சையானது. மூன்றாவது பெட்டிக்குக் கோழிக்கூட்டுக் கூரை, சொட்டுகிற குழாய், இருபது வருஷமாகத் திறக்காத குளியலறை ஜன்னல். நாலாவது பெட்டிக்கு என்னென்ன என்று சொன்னால் அவருக்கே அவமானம். ஏப்ரன் கட்டிக்கொண்டு பீட்ரூட் தோல் உரித்தார் என்பதோடு விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கை சிவக்கச் சிவக்க ஓடைக்கரையில் சுட்டதில் ஹார்லனின் குறி அற்புதமாகிவிட்டது. ஐம்பதடியிலிருந்து நூறடிக்குப் போனார், நூறிலிருந்து நூற்றைம்பதுக்கு. டப்பாவில் ஒட்டிய தக்காளிப் படத்தின் காம்பை மட்டும் தனியாகப் பெயர்த்தார்.

அந்த நாட்களில் கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்கு வருகிற கடிதங்களை வெர்னாதான் பிரித்துப் படிப்பாள். ஹார்லன் கடிதம் படிப்பதில்லை, கடிதத்துக்குக் கோபப்படுவார்.

"ஏங்க, கிளப்புல போட்டிக்குப் புது விதி போட்டிருக்காங்களாம். தோட்டா விஷயமா..."

"விதியா! தோட்டாவுக்கு இன்னும் ஒரு விதியா! வாஷிங்டன்ல ஒருத்தன் விதி போடறான், அதைப் பாத்து..." என்று அவர் தொடங்கினார். முக்கால் மணி நேரம் ஆனது.

மறுநாளும் வெர்னா, "அந்த விதி..." என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம். மூன்றாம் முறை அவள் வாயைத் திறக்கும்போதே அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குக் கிளம்பிவிட்டார். அவள் கடிதத்தை மடித்துக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள். பால் எடுக்க அவர் தினமும் நாலு முறை அந்தக் கதவைத் திறந்தார்.

*

போட்டியன்று வெயில் சுள்ளென்று அடித்தது. மழை பெய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. புல் வைக்கோலாகக் கிடந்தது. கிளப் வாசலில் பர்ட் உட்கார்ந்திருந்தார். பெயர் எழுதுவதும், ஒழுங்கு பார்ப்பதும், விசில் ஊதுவதும் அவர்தான். கையில் ஒரு குச்சி. குச்சி நுனியில் ஒரு காந்தம்.

ஹார்லன் கடைசிப் பச்சைப் பெட்டியை மேஜையில் வைத்தார். பெயிண்ட் ஒட்டிய விரலால் அதைச் செல்லமாகத் தட்டினார்.

பர்ட் ஒரு தோட்டாவை எடுத்துக் காந்தத்திடம் காட்டினார். டக் என்று ஒட்டிக்கொண்டது. இன்னொன்று. டக்.

"ஆகாது ஹார்லன். இரும்பு."

"ஆகாதா? என்னய்யா ஆகாது? பத்து வருஷமா இதைத்தானே சுடறேன்!"

"கடுதாசி போட்டோமே. காந்தத்துல ஒட்டற தோட்டா இந்த வருஷம் கெடையாது. போன வருஷம் இந்த இரும்பு கல்லுல பட்டுப் பொறி பறந்து புல் பத்திக்கிட்டது மறந்துபோச்சா? கழிப்பறைக் கதவு எரிஞ்சுபோச்சே. உள்ள பாஸ்டர் இருந்தாரே."

சற்றுத் தள்ளி நின்ற பாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹார்லன் வெடித்தார். வாஷிங்டனைத் திட்டினார், கிளப்பைத் திட்டினார், காந்தம் கண்டுபிடித்தவனைத் திட்டினார். பிறகு வெர்னாவிடம் திரும்பினார். அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியுமே. மூணு தரம் படிச்சுக் காட்டினேன். மூணு தரமும் நீங்க அரசாங்கத்துக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

"அப்போ ஏண்டி இந்த இரும்புக்காக என்னைக் கோழிக்கூட்டு மேல ஏத்தின?"

"பழகறதுக்குன்னுதானே கேட்டீங்க? நல்லாத்தானே பழகினீங்க?"

அவர் ஆளாளாகப் போய்க் கேட்டார். பதினைந்தே பித்தளைத் தோட்டா. ஒருவரும் தரவில்லை. இந்த விலையில் யார் தருவார்கள்? பத்து வருஷச் சிநேகிதன் ஒருவன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "வேணும்னா என் வண்டிய எடுத்துக்க ஹார்லன்" என்றான்.

சட்டென்று ஹார்லனின் முகம் மலர்ந்தது. வெர்னாவிடம் ஓடிவந்து காதோடு சொன்னார்.

"இங்க பாரு. நான் என்ன சொன்னேன்? தோத்தா நெப்ராஸ்கான்னேன். சுடவே இல்லைன்னா எப்படித் தோக்கறது? தோத்தாத்தானே போகணும்? நாற்காலிய மடி. வீட்டுக்குப் போலாம். சீசனுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

வெர்னாவின் ஊசி ஒரு கணம் நின்றது. பதினோரு வருஷம் அந்த ஒரு கணத்தில் அவள் முகத்தில் வந்து போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ராய்ஸ்!" என்று கூப்பிட்டாள். "உங்க அத்தான் வீட்டுக்குக் கெளம்பறார். வந்து சொல்லிட்டுப் போ."

ராய்ஸ் வந்தான். அவனோடு ஒரு கூட்டமே வந்தது.

"என்ன அத்தான், அதுக்குள்ளயா? வான்கோழிய நீங்க பாக்கக்கூட இல்லையே. ஓ, பயமா? பரவால்ல, இந்தத் தடவையும் ஒரு கால் கொண்டாந்து குடுக்கறேன். இல்ல, தின்னு காட்டறேன்."

கூட்டம் சிரித்தது. ஹார்லனின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. வண்டிச் சாவியை வெர்னாவின் மடியில் எறிந்தார்.

"பயமா! எனக்கா! எவனாவது பதினஞ்சு தோட்டா குடுங்கடா! அதுக்கு எது வேணாலும் தரேன்! பதினஞ்சே தோட்டா!"

வெர்னா தையல் கூடையில் கைவிட்டாள். கம்பளி நூல் உருண்டையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தாள். அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். பித்தளை வெயிலில் மின்னியது.

"இது... இது எப்ப..."

"கண்ணுல காட்டாதேன்னீங்க. அதான் காட்டல."

ஹார்லன் கையை நீட்டினார். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எது வேணாலும்னு எல்லாரும் கேட்டாங்க. தோத்தாலும் சரி, ஜெயிச்சாலும் சரி, மான் சீசனுக்கு ஆர்லீன் வீடு. ரெண்டு வாரம். அவளோட உக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் வண்டிச் சாவி என்கிட்ட இருக்கும்."

"ஜெயிச்சாலுமா? அதென்ன நியாயம்!"

"வரத்து இல்லைங்களே" என்றாள் வெர்னா. இந்த முறை அவள் குரலில் ஊசி முனையளவுகூடச் சிரிப்பு இல்லை.

ராய்ஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஹார்லன் அந்தச் சிரிப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி சிரிப்பைப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு நவம்பர் என்று ஒரு மாதம் இருப்பதே மறந்துவிடும்.

"சரி! போறேன்! குடுடி இங்க!"

"பர்ட், கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் வெர்னா.

"கேட்டேம்மா" என்று பர்ட் பெயர்ப் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டார். பாஸ்டரும், "நானும் சாட்சி" என்றார்.

கொள்ளைக்காரப் பயல்களின் தோட்டா முதல் தரமாகச் சீனத்துத் துப்பாக்கிக்குள் போனது. எந்த முணுமுணுப்பும் இல்லாமல் போனது. ஹார்லன் சுட்டார். பதினைந்தில் பதினாலு நடுவட்டம். ஒன்று மட்டும் மயிரிழை தள்ளி.

ராய்ஸ் முடித்தபோது அட்டை அம்மை போட்ட முகம்போல இருந்தது. பிற்பாடுதான் தெரிந்தது. தோட்டா விலையைக் கேட்ட பயத்தில் அவன் ஊர் ஊராகப் போய் இருபத்திரண்டு பெட்டி வாங்கி அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, சுட்டால் தீர்ந்துபோகுமே என்று ஆகஸ்டிலிருந்து ஒரு தோட்டாகூடச் சுடவில்லையாம்.

ஹார்லன் வான்கோழியைத் தலைக்கு மேல் தூக்கினார். இருபத்துமூன்று பவுண்டு. கிளப்பே கைதட்டியது. மைதானத்தை ஒரு சுற்று வந்தார். ராய்ஸுக்கு முன்னால் மட்டும் இரண்டு சுற்று வந்தார். மூன்று மாதக் கோபம் அத்தனையும் அவர் முகத்திலிருந்து வடிந்து, மாப்பிள்ளைக் களை வந்திருந்தது.

வண்டிக்கு வந்தார். வெர்னா அதற்குள் ஓட்டுகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாவி அவளிடம்.

"பாத்தியா வெர்னா! அவன் மூஞ்சியப் பாத்தியா! நவம்பர் கடைசியில நன்றித் திருநாளுக்கு இதை நம்ம அடுப்புல..."

"ஆர்லீன் அடுப்புல. அது பெருசு. இப்பத்தான் அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அழுதுட்டா."

ஹார்லனின் கையிலிருந்த வான்கோழி சட்டென்று கனத்தது. மலைச்சரிவும், பனி விழுந்த காலையும், பதினெட்டு முனைக் கொம்போடு ஒரு மானும் அவர் கண்முன் வந்தன. மான் அவரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுப் போனது. பிறகு ரொம்ப அடக்கமாகக் கேட்டார்.

"சரி, வரேன். ஆனா நெப்ராஸ்காவுலயும் மான் உண்டுதானே? துப்பாக்கிய மட்டும் பின்னால போட்டுக்கட்டுமா?"

வெர்னா வண்டியைக் கிளப்பினாள்.

"துப்பாக்கி வெக்க எடமில்லைங்க. ஆர்லீன் வீட்டுத் தகர வாய்க்கால் பதினோரு வருஷமா அடைச்சிருக்காம். ஏணிய எடுத்துக்குங்க."